எல்லம்மாளின் மழைப் பாட்டு

எல்லம்மாள் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்வேன்: அந்த மனுஷி பிடித்தால் பிடித்ததுதான். என் மாமியார் மணியம்மாளையே எதிர்த்து நின்றவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். நாங்கள் நெல் போடுகிறவர்கள். அக்கா செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையில் சமைக்கிறார், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறார். அவர் புருஷன் இளவரசன் அண்ணன் சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சர்ச்சில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

போன தை மாதம் அண்ணனுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை கால் மெல்ல மெல்ல அசைந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. நிறுத்தாமல் வாயடிக்கிற மனிதரிடம் எதைக் கேட்டாலும் "தா... தா..." தான். ஒருநாள் அக்கா வேலை முடிந்து வந்து பார்த்தால் சொம்பு கவிழ்ந்து கிடக்கிறது, மனிதர் நாக்கு வறண்டு அழுதுகொண்டிருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம். எங்களைக் கூப்பிட அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு அக்கா அழுததை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பு கிடையாது.

பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கவிநிலா என்ற பெண்தான் வழி சொன்னாள். பேச்சு போனவர்களுக்கும் பாட்டு தங்கியிருக்கலாம். மனதில் ஊறிப்போன பாட்டு ஒன்றைத் தினமும் சேர்ந்து பாட வேண்டும். அது வந்ததும் அதே மெட்டில் அன்றாட வார்த்தைகளை வைத்துப் பழக்க வேண்டும்.

"அவரா ஒரே ஒரு சொந்த வார்த்த சொல்லட்டும்கா. அப்புறம் ஒண்ணொண்ணா வந்துடும்" என்றாளாம்.

அண்ணன் மனதில் ஊறிய பாட்டு எது? அங்கேதான் வந்தது வம்பு. மழைப் பாட்டு!

பாட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு பேரே கிடையாது. முதல் வரிதான் தலைப்பு: "காய்ந்த நிலத்தைப் பாருமையா." வார்த்தைகள் அந்தக் காலத்தில் ஊர் ஊராய் நடந்த ஓர் உபதேசியார் எழுதியவை, மெட்டு நாற்று நடும் பெண்களிடம் வாங்கியது என்று அக்கா சொல்வார். ஒரு பஞ்ச காலத்தில் சர்ச்சில் இதைப் பாடிவிட்டு வெளியே வந்தால் மழை கொட்டு கொட்டென்று கொட்டியதாம். அன்றிலிருந்து அது மழைப் பாட்டு. பேர் வைத்த பிறகு பயம் வராமல் இருக்குமா? அறுவடை நேரத்தில் சர்ச்சிலேயே அதைப் பாடமாட்டார்கள். கல்யாணப் பந்தல் போட்டால் வாயே திறக்கமாட்டார்கள். சர்ச் வாசலை மிதிக்காத எங்கள் தெருவுக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து, அண்ணனுடைய இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டிப் பாடுவார். கொஞ்ச நாளில் அண்ணனும் கூடவே பாடினார், வார்த்தை பிசகாமல்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் அக்கா "தாகம் எடுக்குது தாருமையா" என்று அதே மெட்டில் மாற்றிப் பாடினால் மனிதர் பிடிவாதமாகப் புத்தகத்து வரிக்கே போய்விடுவார். தண்ணீரைக் காட்டினாலும் காய்ந்த நிலம்தான். சித்திரை போயிற்று, ஆனி போயிற்று. அக்கா விடவில்லை.

ஆவணியில் நாங்கள் நெல் அறுத்து வாசலில் காயப் போட்டோம். அன்று சாயங்காலமே மழை. ஆவணியில் சாயங்கால மழை இங்கே வழக்கம்தான். அதை என் மாமியாரிடம் யார் சொல்வது?

"ஏம்மே எல்லம்மா! நாலு நாளைக்கி அந்தப் பாட்ட நிறுத்தக் கூடாதா? நெல்லு பூரா ஈரமாயிடுச்சு!"

"நிறுத்த மாட்டேங்க."

"உங்க புக்குல வேற பாட்டே இல்லியா?"

"இருக்குது. அவரு வாயில இதான் வருது. நெல்லு நனஞ்சா மறுபடி காய வெச்சுக்கலாம். அந்த மனுஷன் நாக்கு காஞ்சி கெடந்தப்ப யாரு வந்து பாத்தீங்க?"

மாமியார் விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சர்ச் சபைப் பெரியவர்களும் வந்து, "அறுப்பு முடியட்டுமேம்மா" என்று சொல்லிப் பார்த்தார்கள். "மழைய ஆண்டவரு குடுக்கறாருங்க, எங்க வூட்டுத் தொண்ட குடுக்கல" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார் அக்கா.

அடுத்த வாரம் நல்ல வெயில். மறுபடியும் நெல்லைப் பரப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நானும் மாமியாரும் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வேலைக்குப் போயிருந்தார். திடீரென்று பக்கத்து வீட்டிலிருந்து பாட்டு.

"கேட்டியா வினோதினி! பொண்டாட்டி இல்லாதப்ப புருஷன் ஆரம்பிச்சிட்டான்!" மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு எழுந்தார்.

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். மெட்டு அதேதான். வார்த்தைகள் வேறு.

"நெல்லு நனையுது வாருமையா,
மணியம்மா கதவத் தொறவுமையா!"

கதவைத் திறந்தால் மலைப் பக்கம் கன்னங்கரேலென்று இருக்கிறது. தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. அண்ணன் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்து நின்றபடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார். நாங்கள் ஓடிப்போய் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்தோம். கடைசி மூலையில் செங்கல்லை வைத்தோம், மழை அடித்துப் பெய்தது.

மாமியார் வீட்டுக்குள் போகவில்லை. நனைந்துகொண்டே அந்த ஜன்னலுக்குப் போனார். அவர் அழுததை நான் பார்த்தேன், மழை என்று அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

"இன்னா வேணும் தம்பி? கேளு. இன்னா வேணும்னாலும் கேளு."

அண்ணன் மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாக, தாளம் தட்டிப் பாடினார்.

"எல்லம்மாவக் கூப்புடுமையா."

நான் போன் போட்டேன். என் கையிலிருந்து மாமியார் பிடுங்கிக்கொண்டார். "ஏம்மே, நான் மணியம்மா. ஓடியா. உன் பேரச் சொல்லிக் கூப்புடறாரு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் போனை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார். அண்ணன் இன்னொரு முறை பாடினார். அப்புறம் போனிலிருந்து அக்காவின் குரல், உடைந்து உடைந்து, ஆனால் மெட்டு தப்பாமல் வந்தது.

"இதோ வந்துட்டேன் பாருமையா."