தலைச்சாயமும் அவள் விரல்களும்

தொண்ணூறுகளின் கடைசியில், அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கணக்கு பார்க்கச் சேர்ந்தேன். சுற்றிலும் இளைஞர்கள். நரையை மறைக்க, என் மனைவி மாதாமாதம் வெறுங்கையால் எனக்குச் சாயம் பூசிவிடுவாள்.

அவள் விரல்கள் தடித்துச் சிவந்தன. ஓயாத அரிப்பு. "கத்திரிக்காய், கருவாட்டை நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். அரிப்பு நிற்கவில்லை.

விவேக் நகர் டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். "டை, கெமிக்கல் ஏதாவது தொடுறீங்களாம்மா?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. அவள் என் தலையை ஒருமுறை பார்த்தாள்.

"இல்ல டாக்டர். பாத்திரம் தேய்க்கிற சோப்புதான்."

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "ஏன் மறைச்சே?" என்றேன்.

"டாக்டர் ரூம் திரைக்கு அந்தப் பக்கம் உங்க ஆபீஸ்காரர் உக்காந்திருந்தாரு. அவர் காதுல விழுந்தா நாளைக்கு உங்களைத்தானே கிண்டல் பண்ணுவாங்க?"

அடுத்த மாதம், விரல்களில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு சாயம் கலக்கினாள். பை ஓரம் கிழிந்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

இப்போது என் தலை முழுக்க வெள்ளை. யாரும் அதைக் கவனிப்பதில்லை. அன்றும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் விரல்களைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.