பரஸ்தானம் வைத்த வண்டி

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன்பு எனக்கு இருந்த பெயரை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவன் நான். பேருந்துப் பணிமனை ஒன்றில் பொறியாளராகச் சேர்ந்து, அதன் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றேன். நான் பார்த்துச் சரி என்று சொல்லாத வண்டி வெளிவாசலைத் தாண்டியதில்லை. ஓட்டுநர்கள் என் முதுகுக்குப் பின்னால் பலவற்றைப் பேசியிருப்பார்கள். கண்டிப்புக்காரர், சிரிக்கத் தெரியாதவர் என்பன என் காதுக்கே வந்திருக்கின்றன. வேலையை அரைகுறையாக விட்டுவிடுவார் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

ஓய்வுக்குப் பிறகு திருவரங்குளம் சாலையில் ஒரு பட்டறை அமைத்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளை, சாலையில்லாத இடங்களில் வாரக்கணக்கில் பயணம் செய்வதற்கேற்ப மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. ஆற்றைக் கடக்கையில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் காற்றை மேலிருந்து இழுக்கும் குழாய், சேற்றில் சிக்கினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் வின்ச், உறங்குவதற்குக் கூரைமேல் விரியும் கூடாரம், குடிநீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி என்று ஒவ்வொன்றையும் வரைபடம் போட்டு, வாகன அலுவலகத்தின் ஒப்புதல் தேவைப்படுவதற்கு ஒப்புதல் வாங்கித்தான் பொருத்துவேன். எதிரே டீக்கடை வைத்திருப்பவருக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. “இம்புட்டையும் மாட்டிக்கிட்டு எங்கதான் சார் போவாக? ரோடு இல்லாத எடத்துல இவுகளுக்கு என்ன சோலி?” என்பார். வண்டிகள் வெளியூர்களிலிருந்து வந்தன. திருப்தியோடு போயின. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த வணிகக் குடும்பத்து இளைஞர் ஒருவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர், லடாக் வரை போய்வரத் தம் வண்டியைத் தயார் செய்யச் சொன்னார். மனைவி, தந்தை, சமையல்காரர் ஆகியோரும் உடன் போவதாக ஏற்பாடு. வேலை பாதி நடந்திருந்தபோது தந்தை நேரில் பார்வையிட வந்தார். வெள்ளை வேட்டி கசங்காத மனிதர். வண்டியின் பின்புறம் நான் அமைத்திருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிவிட்டு, “எல்லாம் சரி இஞ்சினியர். கிரைண்டர் எங்க வைக்கிறது?” என்றார்.

மகன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்பச்சி, அங்கல்லாம் மாவு பொங்கவே பொங்காது.”

“பொங்குதா இல்லையான்னு போய்ப் பாப்பம். எங்க அய்யா காசிக்குப் போனப்பக்கூட வெளியில கை நனைச்சதில்ல. ரயிலுக்கே உரலக் கொண்டு போனவுக நாங்க.”

நான் வாதாடவில்லை. கல்லுள்ள பொருளைக் கூரையில் ஏற்றினால் சரிவான பாதையில் வண்டி சாயும். ஆகவே அதைத் தரைமட்டத்தில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைக்க இடம் செய்தேன். கூடும் பாரத்துக்கு ஏற்பப் பின்பக்கப் பட்டைகளை, அதாவது வளைந்த எஃகுத் தகடுகளால் ஆன ஸ்பிரிங்குகளை, முழுவதும் புதிதாக மாற்றினேன்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பட்டைகளை அச்சோடு பிணைத்துப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். பட்டறையில் அவற்றை அளவுகாட்டும் ரெஞ்சால் எவ்வளவு சரியாக இறுக்கினாலும், புதுப் பட்டைகள் பாரத்தோடு ஓடும்போது ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும். இடையிலுள்ள பெயின்ட் தேயும். அதனால் பிடிப்புச் சற்றுக் குறையும். ஆகவே முழுப் பாரத்தோடு ஓட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். இறுக்காமல் கற்பாதையில் ஏறினால் நடுவிலுள்ள ஆணி அறுந்து அச்சு நகர்ந்துவிடும். மலைவிளிம்பில் அப்படி நேர்ந்தால் வண்டியில் இருப்பவர்களின் கதியை நான் எழுத வேண்டியதில்லை. என் வழக்கம், வண்டியைப் பாரம் ஏற்றிக் கீரமங்கலம் வரை ஓட்டித் திரும்பி வந்து இறுக்குவது.

பொருத்தும் வேலைகள் முடிந்ததும் மகன் வந்து, சாமான்களை ஏற்றிப் பார்க்க வேண்டும், ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். ஏற்றிக்கொண்டு மறுநாளே திரும்ப வேண்டும், யூ போல்ட் இறுக்காமல் பயணம் கிளம்பக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவரும் தலையசைத்தார். மறுநாள் வண்டி வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“சார், ஒரு சின்ன சிக்கல். வண்டி பெரியப்பா வீட்டுல நிக்குது. நேத்து நல்ல நேரம்னு பரஸ்தானம் வச்சாச்சு.”

பரஸ்தானம் என்பதை நான் அறியாதவன் அல்லன். புறப்படும் நாளில் நல்ல நேரம் அமையாவிட்டால், அதற்கு முன்பே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகும் பொருள் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு.

“பைய வைப்பாங்க, கொடைய வைப்பாங்க. வண்டியவா வைப்பாங்க?” என்று கேட்டேன்.

“எல்லாச் சாமானும் வண்டிக்குள்ளதான சார் இருக்கு. அதுனால வண்டியவே வச்சிருவோம்னு அப்பச்சி சொல்லிட்டாக. இனிமே திரும்பி வரக்கூடாதாம்.”

பிறகு தந்தையே தொலைபேசியை வாங்கினார். “என்ன இஞ்சினியர், வேலை முடிஞ்சுருச்சுன்னுதான குடுத்தீங்க?”

“முடிஞ்சுருச்சு. ஓடுனதுக்கப்பறம் ஒருதடவ இறுக்கணுங்க.”

“முடிஞ்ச வண்டியில இறுக்குறதுக்கு என்ன இருக்கு?”

“புதுப் பட்டை அப்படித்தாங்க.”

“அது ஒங்க கணக்கு. பொறப்பட்ட வண்டி பின்னால வராது, இது எங்க கணக்கு. வேணும்னா இங்கிட்டு எவனாச்சும் லாரி மெக்கானிக்கக் கூப்பிட்டு முறுக்கச் சொல்றேன்.”

லாரி மெக்கானிக் ஸ்பேனரின் முனையில் இரும்புக் குழாயைச் செருகித் தன் உடல் பலத்தையெல்லாம் காட்டுவார். போல்ட் நீண்டு போகும். அது இறுக்காமல் விடுவதைவிட மோசம். “வண்டி முன்னால போகலாமுல்ல?” என்று கேட்டேன்.

“போறதுக்குத்தான செஞ்சுருக்கு!”

“மொதல்ல எங்க போறீங்க?”

“குன்றாண்டார்கோவில். கொடவரைக் கோயில்ல சாமி கும்புட்டுட்டு அப்பறந்தான் திருச்சி.”

புறப்படும் நாளன்று அங்கேயே வந்து இறுக்கித் தருகிறேன் என்றேன். திருமயம் பக்கமிருந்து அதுவரை பாரத்தோடு ஓடி வருவதே சோதனை ஓட்டமாகவும் அமையும். தந்தை ஒப்புக்கொண்டார். தொலைபேசியை வைத்த பிறகுதான் அடுத்த யோசனை வந்தது. வழியனுப்ப உறவினர்கள் வருவார்கள். கோவில் வாசலில், அத்தனை பேர் பார்க்க, முடிந்தது என்று நான் கொடுத்த வண்டிக்கு அடியில் நானே படுத்து நட்டு முறுக்கினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பட்டை படிவதைப் பற்றி அங்கே யாருக்குத் தெரியும்?

என் மனைவிக்கும் அதே கவலைதான். “நம்ம பட்டறை ஃபிட்டர அனுப்புனா ஆகாதா?”

“அன்னைக்கு அவரு அக்கா மகளுக்குக் காதுகுத்து. அவரு மடியிலதான் பிள்ளைய ஒக்கார வைக்கணும். தாய்மாமன எப்படி வான்னு கூப்பிடுறது?”

“அப்ப நீங்க போய்ப் படுக்கப் போறீங்க. மறந்துட்டு ஓடியாந்துட்டாருன்னுதான் சொல்லுவாக, பாத்துக்கங்க.”

“சொன்னாச் சொல்லட்டும்” என்றேன். அது உண்மையான பதில் அன்று. சொல்லக்கூடாது என்றுதான் விரும்பினேன். ஆனாலும் இறுக்காத வண்டியில் ஒரு குடும்பம் மலையேறுவதைத் தெரிந்துகொண்டே வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. வேறு வழி தெரியவில்லை.

அவர்களுக்கு முன்பாகவே குன்றாண்டார்கோவிலை அடைந்து ஒரு வேப்பமர நிழலில் காத்திருந்தேன். வண்டி வந்தது. வின்ச்சின்மேல் சந்தனமும் குங்குமமும், காற்றிழுக்கும் குழாயின் கழுத்தில் ஒரு மாலை. பின்னால் உறவினர்களின் கார்கள். தந்தை இறங்கியதும், “சுருக்கா முடிங்க, நடை சாத்திருவாக” என்று சொல்லிவிட்டுக் கோவிலை நோக்கி நடந்தார். நான் தார்ப்பாயை விரித்து அடியில் நுழைந்தேன். இந்த வயதில் முதுகு உடனே படிவதில்லை. தரையின் சூடு தார்ப்பாயைத் தாண்டி ஏறியது. எண்ணெயும் சாலைப்புழுதியும் முகத்தில் விழுந்தன.

அடியில் படுத்திருப்பவனுக்குக் கால்கள் மட்டும் தெரியும். பேச்சுகள் எல்லாம் கேட்கும்.

“என்னாச்சு, வண்டி இங்கனயே நின்னுபோச்சா?”

“நட்டு கழண்டுருச்சாமுல்ல.”

“லடாக்கு போற வண்டி குன்றாண்டார்கோவில்லயே படுத்துருச்சுப்பா!”

“வண்டி எங்க படுத்துச்சு? இஞ்சினியருல்ல படுத்துருக்காரு!”

சிரிப்பு எழுந்தது. ஒரு ஜோடிச் செருப்பு அருகே வந்து குனிந்து கைப்பேசியை நீட்டியது. “சார், கொஞ்சம் இங்கிட்டுப் பாருங்க.” நான் பார்க்கவில்லை. ரெஞ்சைப் பிடித்து ஒவ்வொரு நட்டாக வைத்துத் திருப்பினேன். ஒவ்வொன்றும் சிறிது நகர்ந்து, அளவு வந்ததற்கான ஓசை கேட்டதும் நின்றது. எதிர்பார்த்தபடியே இருந்தது. மகன் மட்டும் குனிந்து, “எதுக்குன்னு இவுகளுக்குச் சொல்லிருங்க சார்” என்றார். வண்டிக்கடியில் கிடந்தபடி பாடம் நடத்த எனக்கு விருப்பமில்லை. வெளியே வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது தந்தை திருநீற்றோடு திரும்பியிருந்தார். என் நெற்றியில் பூசிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “வேற ஆளுன்னா வந்துருக்க மாட்டாங்க. நீங்களே வந்தீங்க பாருங்க, அது பெரிய மனசு” என்றார்.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கூடியிருந்தவர்கள் அதை வேறாக எடுத்துக்கொண்டார்கள். “தப்ப ஒத்துக்கிட்டு வந்தாரே, அதச் சொல்லுங்க” என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். தேங்காய் உடைந்தது, கார்கள் கிளம்பின. நான் விளக்கத் தொடங்கிய வாக்கியத்தைக் கேட்க அங்கே பூக்காரப் பெண்மணி மட்டுமே இருந்தார். அவர் என்னிடம், கை கழுவத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

வண்டி லடாக் போய்த் திரும்பிவிட்டது. பட்டைகள் இம்மியும் நகரவில்லை என்று மகனே தெரிவித்தார். கிரைண்டரும் பத்திரமாகத் திரும்பியது. அதற்குள் அந்தப் படக்காட்சி கைப்பேசிக் குழுக்களில் சுற்றி முடிந்திருந்தது. எஞ்சினியர் நட்டு முறுக்க மறந்த கதை என்பது அதன் தலைப்பு. மகன் நடந்ததை விளக்கி அதே குழுக்களில் எழுதினார். அதை யாரும் பிறருக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை.

ஆலங்குடியில் ஒரு திருமணத்தில், பந்திக்குக் காத்திருந்தபோது, என் வயதொத்த ஒருவர், “சார், முடிச்சு மூணும் இறுக்கமா விழுந்துச்சான்னு ஒருதடவ பாத்துச் சொல்லிருங்களேன்” என்றார். பக்கத்து வரிசையும் சேர்ந்து சிரித்தது. பட்டறைக்கு வரவிருந்த ஒருவர் வண்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். வருகிறவர்களும் சாவியை வாங்கும்போது, “எல்லாத்தையும் முறுக்கியாச்சுல்ல சார்?” என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் உட்காரவைத்துப் பட்டைகளைப் பற்றிச் சொல்வேன். பாதியிலேயே கேட்பவரின் பார்வை வேறெங்கோ போய்விடும். இப்போது ஆமாம் என்று மட்டும் சொல்கிறேன். “விடுங்க, நாலு நாள் பேசுவாக, அப்பறம் வேற ஆளு மாட்டுவான்” என்கிறாள் மனைவி. இன்னும் வேறு ஆள் மாட்டவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

குன்றாண்டார்கோவிலில் அந்த வண்டி பழுதாகி நிற்கவில்லை; சாமி கும்பிட நின்றது. என்னை யாரும் அவசரமாக வரவழைக்கவில்லை. வண்டி வருவதற்கு முன்பே நான் அங்கே இருந்தேன். எந்த நட்டும் கழன்றிருக்கவில்லை. அவை பட்டறையிலேயே அளவோடு இறுக்கப்பட்டவை. ஓடிய பின் மீண்டும் இறுக்கப்பட வேண்டியவை. இறுக்கினேன். நான் எதையும் மறக்கவில்லை.