விசாலம் போட்ட மூன்றாவது மாலை

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் விசாலம், கிள்ளானில் லோரி ஓட்டிய கார்த்திகேசுவின் மூத்த மகள். அவள் தம்பி பெண்சாதி சுபாதான் கடையில் கூடமாட நிற்பவள். போன இடைத்தேர்தல் நேரத்தில் விசாலத்துக்கு இருந்த ஒரே கவலை கண். வலது கண்ணில் முழுப் புரை, இடது கண்ணில் பாதி. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதியோ பதினோரு மாதம் தள்ளி. மல்லிகைக்கு நடுவே வாடிய பூவையும் சேர்த்துக் கட்டிவிடுகிறாள் என்று இரண்டு கல்யாண ஆர்டர் ஏற்கனவே கைவிட்டுப் போயிருந்தது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் அவள் கடையில் மாலை போட்டுக்கொண்டுதான் போவார்கள், போட்டோவுக்கு அழகு என்று. விசாலம் இந்தத் தடவை ஓர் ஏற்பாடு செய்தாள். மாலையைத் தூக்கிப் பிடிப்பாள். ஆள் குனிவார். குனிந்த தலையிடம் கேட்பாள்: "கண் ஆபரேஷன் வரிசையைக் குறைக்க என்ன செய்வீங்க?" பதில் வரும்வரை மாலை இறங்காது.

முதலில் வந்தவர் நாகப்பன். "பத்து மாடியில ஆஸ்பத்திரி கட்டுவேன்கா."

"கட்டுங்க. டாக்டருக்கு எங்க போவீங்க?"

நாகப்பனுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பாவம் பார்த்து மாலையை இறக்கினாள்.

மறுநாள் விஷ்ணுப்ரியா. படித்த பெண். "புது கம்ப்யூட்டர் மெஷின் வாங்குவோம் ஆன்டி. ஒரே நிமிஷத்துல கண்ணுல என்னன்னு சொல்லிடும்."

"புரைன்னு எனக்கே தெரியும்மா. எடுக்கிறது யாரு?"

மூன்றாம் நாள் மேளதாளத்தோடு பரமேஸ்வரன் வந்தார். கூட்டம் இடித்ததில் பூக்கூடை ஒன்று சாய்ந்தது. விசாலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை குனிந்தது. மாலையைத் தூக்கினாள், கேள்வியைக் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை காலையிலயே கவுண்டர்ல போய் நில்லுங்கக்கா," என்றது வெள்ளைச் சட்டை. "காய்ச்சல், சுகர் ஏறிப்போச்சுன்னு கடைசி நேரத்துல வராதவங்க இடம் சும்மா கிடக்குது. கூப்பிட்டா ஓடி வரேன்னு பேரைக் குடுங்க. எங்கம்மாவுக்கு அப்படித்தான் மூணே வாரத்துல ஆச்சு. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதைச் செஞ்சா வரிசை குறையும்லா."

மாலை சடாரென்று இறங்கியது. "என் ஓட்டு உங்களுக்குத்தான்!"

"ஐயோ அண்ணி!" சுபா தலையில் கைவைத்தாள். "அது அவரு டிரைவர் திருமுருகன்லா! கூடையைத் தூக்கக் குனிஞ்சாரு!"

தெருவே வெடித்துச் சிரித்தது. நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாத மேளக்காரர் கெட்டிமேளத்தைக் கொட்டிவிட்டார். பதறிப்போன திருமுருகன் மாலையைக் கழற்றப் போக, விசாலம் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "போட்டதைக் கழட்டப்படாது!"

பரமேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாவியைக் குடுய்யா. நீ பின்னால உக்காரு, நான் ஓட்டுறேன்."

அன்று சாயந்திரமே பங்சார் மேடையில் பரமேஸ்வரன் அந்தச் செவ்வாய்க்கிழமைத் திட்டத்தைப் பேசினார். இரண்டே நாளில் மற்ற இருவரும் அதையே பேசினார்கள்.

"மூணு பேரும் ஒண்ணையே சொன்னா எப்படிலா பிரிச்சுப் பாக்கறது?" என்று விசாலம் சலித்துக்கொண்டாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை கவுண்டரில் முதல் ஆளாக நின்றாள். அடுத்த வாரமே போன் வந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமை ஓட்டு.

ஓட்டுச் சாவடியிலிருந்து வெளியே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள் சுபா. "சீட்டு தெரிஞ்சதா அண்ணி?"

"புள்ளி விடாமத் தெரிஞ்சது!"

"அப்ப யாருக்குப் போட்டீங்க?"

"அதைச் சொல்லப்படாது." விசாலம் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மேலயிருந்து கீழ ரெண்டு தடவை தேடினேன்டி. டிரைவர் பேரை மட்டும் காணோம்!"