நான் பாஸ் போட்ட நாலாயிரம் பெல்

காலையில் போன லாரி மத்தியானமே திரும்பி வந்தால் ஃபேக்டரியில் யாருக்கும் சோறு இறங்காது. அன்று வந்தது. அனுப்பிய நாலாயிரம் பெல்லும் பெட்டி பிரித்த கோலத்தில் அப்படியே வந்து இறங்கின.

அலோர் ஸ்டாருக்குத் தெற்கே குருண் ஊரில் எங்கள் ஃபேக்டரி சைக்கிள் பெல் மட்டும்தான் செய்யும். நான் அங்கே கியூசி சூப்பர்வைசர். அதாவது, பெல்லை அழுத்திப் பார்த்து 'பாஸ்' சீட்டு ஒட்டுகிற ஆள். ஒரு காலத்தில் மூன்று சைக்கிள் கம்பெனிகள் எங்களிடம் வாங்கின. ஊரே மோட்டார்சைக்கிளுக்கு மாறிவிட, ஒன்றுதான் மிஞ்சியது. லாரியைத் திருப்பி அனுப்பியது அந்த ஒன்று.

முதலாளி காதர் ஒரு பெல்லை எடுத்து ஆட்டினார்.

"சரசு, என்னா லா இது? அழுத்துற கம்பி எதிர்ப்பக்கம் இருக்கு! வலது கட்டவிரல வெச்சா வெறும் காத்துதான். நீ எப்படி பாஸ் போட்ட?"

நான் கையிலிருந்த பாஸ் சீட்டுக் கட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"இது போகலன்னா அடுத்த மாசம் ஃபேக்டரிய இழுத்து மூடணும். பதினோரு பேரு தெருவுல நிப்பீங்க. சூசா லா, பெரிய கஷ்டம்," என்று நாற்காலியில் சரிந்தார்.

1. வாட்ச்

பழைய மோல்டு விரிசல் விட்டிருந்தது. அதன் டிராயிங்கைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் முதலாளி பண்டார் பாருவில் இருந்த மோல்டுக்காரருக்கு ஒரு சாம்பிள் பெல்லைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம்: தான் இல்லாமல் எதையும் போட்டோ எடுக்க மாட்டார். பாய்லர் வெடித்தபோதுகூட முன்னால் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுத்தவர்.

மோல்டுக்காரரைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் அந்தப் போட்டோவையே திருப்பி அனுப்பினார். எட்டிப் பார்த்தேன். பெல்லில் கம்பி எதிர்ப்பக்கம். முதலாளியின் சட்டைப் பை வலது பக்கம்.

"முதலாளி, நீங்க வாட்ச் இடது கையிலதானே கட்டுவீங்க?"

கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். போன் அவரைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டியிருந்தது.

"ஆனா படத்துல நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார்.

2. டேபிள் ஏழு

சைக்கிள் கம்பெனிக்கு நேரில் போய்க் கெஞ்சினோம். மசியவில்லை. திரும்பும் வழியில் முதலாளியின் மச்சான் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் டீக்கு நிறுத்தினோம். அங்கே ரொட்டி சானாய் போடும் ஜமால், வலது கையில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே "டேபிள் ஏழு!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றார்.

முதலாளி கடைக்கு வெளியே நிறுத்திய காடியிலிருந்து ஒரு பெல்லைக் கொண்டுவந்து, கல்லுக்கு இடப்பக்கம் இருந்த கம்பியில் முடுக்கினார். ஜமால் இடது கட்டைவிரலால் அழுத்தினார்.

டிரிங்!

தட்டோடு வந்த வெயிட்டர் சைக்கிள் வருகிறதென்று துள்ளி ஒதுங்கினார். வாசலில் நின்ற இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். தட்டு விழுந்து குழம்பு தெறித்தது. ஜமால் மட்டும் பெல்லைக் கையால் மூடிக்கொண்டார்.

"அண்ணே, இத கழட்டிடாதீங்க லா!"

இரண்டு மாதத்தில் அலோர் ஸ்டார் வரை ரொட்டிக் கல் இருந்த இடமெல்லாம் எங்கள் பெல். பாடாங் மேஹா எஸ்டேட்டில் செம்பனைப் பழம் அள்ளும் தள்ளுவண்டிக்குக் கேட்டார்கள். அங்கே மனிதர்களுக்கு முன்பே மாடுகள் சத்தம் கேட்டு ஒதுங்கப் பழகிக்கொண்டன. நாலாயிரமும் தீர்ந்தது. சைக்கிளே இல்லாத ஆட்கள் எங்களை வாழவைத்தார்கள்.

3. அதே சட்டை

அந்த மோல்டு தனியாகத் தாங்காது, இன்னொன்று வேண்டும் என்றானது. முதலாளி அதே சட்டையைத் துவைத்துப் போட்டு, அதே வாட்சைக் கட்டி, பெல்லோடு வந்து நின்றார். ஏதாவது மாறினால் பெல்லும் மாறிவிடும் என்று பயம். இப்போது கையில் இருந்ததே கம்பி எதிர்ப்பக்கம் உள்ள பெல். அதை செல்ஃபி எடுத்தால் மறுபடி பழையபடி ஆகிவிடும் என்று நான் சொன்னதும் பாதி விளங்கி, நீயே எடு என்று போனை என்னிடம் தந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"முதலாளி, நான் இடது கைக்காரி. இருபத்தாறு வருஷமா மணிக்கட்ட மடக்கிதான் பெல் அழுத்தினேன். அந்த நாலாயிரம் வந்தப்பதான் கைக்கு வாகா இருந்துச்சு. கண்ண மூடி சத்தத்த மட்டும் கேட்டு, சந்தோஷமா பாஸ் போட்டுட்டேன். உங்கமேல பழி போனப்போ சும்மா இருந்தேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கையிலிருந்த பெல்லை இடது கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார்.

"அப்போ இந்த பெல்ல சரியா செக் பண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான் லா!"

சம்பளத்தைக் கூட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஃபேக்டரி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கைக்கு வாகாக இருக்கிறதே என்று எதற்கும் பாஸ் போடாதீர்கள். அது யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

போன வருடம் அந்தக் கடைசிக் கம்பெனியும் சைக்கிள் செய்வதை நிறுத்தியது. கடிதத்தின் அடியில் ஒரு ஆர்டர் இருந்தது: அவர்கள் கேன்டீனுக்குப் பன்னிரண்டு பெல், கம்பி எதிர்ப்பக்கம். கண்ணைத் திறந்து வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை அழுத்திப் பார்த்து அனுப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.