கரண்ட் போன நேரத்தில் அடித்த போன்

எனக்குப் பயம் உண்டு, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். வண்டி எடுத்தால் டயர் பஞ்சராகுமோ என்று பயம், வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் பூட்டினேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்க்கிற பயம், இடி இடித்தால் மீட்டர் பெட்டி போய்விடுமோ என்று பயம். ஆனால் பேய், ஆவி என்கிற பயம் மட்டும் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. சுடுகாட்டை ஒட்டின தடத்தில் தனியாக நடந்து வந்திருக்கிறேன், அப்போதும் பாம்பு கிடக்குமோ என்றுதான் காலடியைப் பார்ப்பேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன், எதையோ கண்டு மிரண்டிருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது பட்டப்பகலில், கூட மூன்று ஆட்கள் இருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் சோமனூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. வீடு ஒரு பக்கம், நடுவில் கிணறும் மோட்டார் ரூமும், அதைத் தாண்டித் தறிக்குடோன். போன் வீட்டில் இருந்தது. தறி ஓடுகிற இடத்தில் நின்றிருக்கிறீர்களா? காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. நாங்கள் எல்லாம் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம், டீ வேணுமா, நூல் அறுந்துபோச்சு, ஆள் வந்திருக்கு, எல்லாமே உதட்டில்தான். வருஷக்கணக்கில் பழகினால் அந்தக் கோடியில் நிற்பவன் தனக்குள் முனகுவதைக்கூடப் படித்துவிடலாம்.

என் மனைவி சரோஜாவுக்கு முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அப்போது அவள் போத்தனூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்குமே ஓ நெகட்டிவ் ரத்தம், சுலபத்தில் கிடைக்காது. அன்றைக்கு அவர்கள் போன் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள், அது ஆளில்லாத வீட்டில் அடித்திருக்கிறது, நான் தறிக்குள் நின்றிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் ரத்தம் கொடுத்து அவளைக் காப்பாற்றினான். இரண்டாவது தரம் உண்டாகி, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூப்பிட்டா உடனே வந்து நிக்கற மாதிரி இருந்துக்குங்க" என்றார். எனக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

காந்திபுரத்தில் ரேடியோ, டேப் ரிப்பேர் பார்க்கிற ரஹீம் பாய் எனக்குப் பழக்கம். அவரிடம் போய் நின்றேன். ஒரு கார்ட்லெஸ் போன் எடுத்துக் கொடுத்தார், வீட்டு லைனில் பேஸ் பெட்டியை மாட்டிவிட்டால் கையில் இருக்கிற பீஸை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார். கொண்டுவந்து மாட்டினால் மோட்டார் ரூம் வரைக்கும்தான் பேச்சு கேட்கிறது, குடோனுக்குள் நுழைந்ததும் கரகர என்று செத்துப்போகிறது. மறுபடி அவரைக் கூட்டிவந்தேன்.

"உள்ளாற பூரா இரும்பு, மேல தகரம். சிக்னல் எப்படி வரும்? பேஸைத் தனியாக் கொண்டாந்து நடுவுல வெச்சிரலாம். ஊட்ல இருந்து மோட்டார் ரூமுக்கு ஒயர் இழுத்துக்கலாம்" என்றார்.

"மழை பேஞ்சா என்னாகுங் பாய்?"

"குழாய்க்குள்ள உட்டுத்தான் இழுக்கறேன்."

"எலி கடிச்சுப்போட்டா?"

"எலிக்கு உங்க போன்ல பேசறதுக்கு யாரு இருக்கா?"

"இடி இறங்கினா?"

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "மொதலாளி, குழந்தை பொறக்கற வரைக்கும் நீங்க இதும் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது."

மழை, எலி, இடி எல்லாம் கேட்டேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கத் தோன்றும்? வீட்டுப் போன் கரண்ட் போனாலும் அடிக்கும்தானே, போன் என்றால் அப்படித்தான் என்று நினைப்பு. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பீஸ் என் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக. தறி ஓடும்போது மணி கேட்காது, ஆனால் அடித்தால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் குனிந்து பையைப் பார்ப்பேன். ராசப்பன் என்று ஒரு ஆள், எங்களிடம் தறி ஓட்டினவர், அவர் சும்மா இருக்க மாட்டார். "மொதலாளி, முட்டை பொரிஞ்சிருச்சுங்களா?" என்று தூரத்திலிருந்து உதட்டால் கேட்பார்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் நாலாம் நம்பர் தறி நொண்டும். டக்கு டக்கு, டக்கு டக்கு என்று போய், ஒரு தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டது மாதிரி நின்று, பிறகு டக். தறி சரிசெய்கிற பிட்டர் மூன்று தரம் பார்த்தும் அது போகவில்லை. துணி நன்றாகத்தான் விழுந்தது, அதனால் விட்டுவிட்டோம். தறிக்காரனுக்குத் தன் தறிச் சத்தம் பெற்ற பிள்ளையின் இருமல் மாதிரி, ஆயிரம் தறிக்கு நடுவிலும் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. ஆறு தறியும் ஒரே மூச்சில் நின்றது. அக்கம்பக்கத்துக் குடோன்களும் நின்றுவிட்டன. நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருந்துவிட்டு அது நிற்கும்போது வருகிற அமைதி இருக்கிறதே, காதை யாரோ பொத்தின மாதிரி இருக்கும். ராசப்பன் பீடியை எடுத்தார், மற்ற இரண்டு பேரும் வேப்பமரத்தடிக்கு நகர்ந்தார்கள். அப்போது என் சட்டைப் பையில் மணி அடித்தது.

நம்பினால் நம்புங்கள். ராசப்பனும் கேட்டார். "பாருங்க, முட்டை பொரிஞ்சு குஞ்சு கத்துது" என்று சிரித்தார்.

எடுத்து, "அலோ, ஆருங்க?" என்றேன்.

ஒரு பெண் குரல். வயது சொல்ல முடியாது. பதறாமல், நிதானமாக, எங்கள் ஊர்ப் பேச்சுதான். "ஏனுங்க, அம்மணிக்கு வலி எடுத்திருச்சுங்க. நேரா ஆஸ்பத்திரிக்கே வந்திருங்க. காந்திபுரம் சுத்திப் பஸ்ல வராதீங்க, வண்டியிலயே வாங்க. மெதுவா வந்தாப் போதும், நேரம் இருக்குதுங்க."

"நீங்க ஆருங்க பேசறது?"

"நீங்க கெளம்புங்க மொதல்ல."

அவ்வளவுதான். பின்னால் ஏதோ இரைச்சல், வைத்துவிட்டாள். நர்ஸாக இருக்கும் என்று நினைத்தேன். வண்டியை எடுத்தேன். நானா, மனதில் இருநூறு கவலை ஓடுகிறவன், அன்றைக்கு ஏனோ நெஞ்சு படபடக்கவே இல்லை. நேரம் இருக்கிறது என்று அவள் சொன்னது அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது. சூலூர், சிங்காநல்லூர் வழியாகப் போத்தனூர் வந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து கேட்டால், அப்படி யாரும் வரவில்லை என்கிறார்கள். அங்கே இருந்து போனும் யாரும் செய்யவில்லையாம். வெளியே வந்து என்ன செய்வது என்று நிற்கிறேன், ஆட்டோ ஒன்று வந்து நிற்கிறது, உள்ளே சரோஜா, பக்கத்தில் என் மாமியார்.

மாமியார் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கேட்டார். "மாப்பிள்ள, நீங்க எப்படீங்க? இப்பத்தானுங்க வலி எடுத்துது, அரை மணி நேரங்கூட ஆகல. பையன் இப்பத்தான் உங்களுக்குப் போன் போடப் போயிருக்கறான்."

மச்சினன் வந்து சொன்னான், பூத்திலிருந்து நாலு தரம் போட்டானாம், மணி போய்க்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம். போன தரம் மாதிரியே.

ஐந்து மணி வாக்கில் ரத்தம் நிற்காமல் போனது. ஓடி வந்து என் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, சரோஜாவும் பிழைத்தாள். இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், நான் மிச்சத்தைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ரஹீம் பாய்க்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். கரண்ட் போன சமயத்திலும் உங்கள் போன் கைகொடுத்தது என்றேன். அவர் இனிப்பை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கரண்ட் போனப்பவா? பேஸ் பெட்டிக்குக் கரண்ட் இல்லீன்னா கையில இருக்கறது வெறும் சோப்பு டப்பா. அடிக்கவே அடிக்காது."

பிறகுதான் எனக்கு உறைத்தது. தறி ஓடும்போது மணி அடித்தால் எனக்குக் கேட்காது, தறி நின்றால் மணியே அடிக்காது. அப்படி ஒரு ஏற்பாட்டைத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒயர் இழுத்துச் செய்து வைத்திருந்தோம். பக்கத்தில் வேறு யாராவது கார்ட்லெஸ் வைத்திருந்தால் ஒன்றோடு ஒன்று மாட்டும் என்று பாய் சமாதானம் சொன்னார். விசாரித்தேன், ஊரில் ஒரு நூல் வியாபாரியிடம்தான் இருந்தது, அவருக்கும் அந்த நேரத்தில் கரண்ட் இல்லை. அப்படியே இருந்தாலும் என் மனைவிக்கு வலி எடுக்கப்போவது யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாதே.

இதுகூடப் பரவாயில்லை. ஊருக்குத் திரும்பிக் குடோனுக்குள் போனேன். ராசப்பன் ஒவ்வொரு தறியாக ஓட்டிவிட்டார். நாலாம் நம்பர் ஓடியது. டக்கு டக்கு, டக்கு டக்கு, மூச்சைப் பிடித்து, டக். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். போனில் அவள் குரலுக்குப் பின்னால் கேட்ட இரைச்சல் அதுதான், நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் என்பதால் அப்போது உறைக்கவில்லை. நான் எதிரில் நின்று போனைக் காதில் வைத்திருந்தபோது நாலாம் நம்பர் நின்றுபோய்க் கிடந்தது. ஆனால் அவள் பேசின பக்கம் அது ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நாலாம் நம்பரை மட்டும் நான் கொடுக்கவில்லை. வாங்க வந்தவர், "நொண்டித் தறியப் போயி வெச்சுக்கறீங்களே" என்று சிரித்தார். எனக்கு என் கவலை. அந்தப் போனுக்குப் பின்னால் இந்தத் தறி ஓடியது, அன்றைக்கு ஓடவில்லை என்றால் என்றைக்கோ ஒருநாள் ஓடியாக வேண்டும், நான் இதை விற்றுவிட்டால் அந்தப் போன் எங்கிருந்து வரும்? வராவிட்டால் அன்றைக்கு என் வீட்டில் என்ன நடந்திருக்கும்? பைத்தியக்காரத்தனம் என்று சரோஜாவே சொல்கிறாள். சொல்லட்டும். வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய் போட்டு, கொஞ்ச நேரம் துண்டு நெய்கிறேன். அந்தப் பழைய பீஸும் தறிக்குப் பக்கத்தில் ஆணியில்தான் தொங்குகிறது, பாட்டரி செத்து எத்தனையோ வருஷமாச்சு.

போன பொங்கலுக்கு என் மகள் வந்திருந்தாள். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தவள், விளையாட்டாக அந்தப் பீஸை ஆணியிலிருந்து எடுத்துத் தூசியை ஊதிவிட்டுக் காதில் வைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு உதடு அசைய ஆரம்பித்தது, பதறாமல், நிதானமாக.

உதட்டைப் பார்த்தால் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிடும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.