ஒரு கிணற்றுக்கு ஐந்து வீடு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொக்கிளாயில் கரைவலை இழுத்தேன், கிளிநொச்சியில் நெல் மூட்டை சுமந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் எதிலும் நின்றதில்லை. இடையில் கிடைத்தது பிரதேச சபை வேலை. சபை தந்த போனோடு வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் கூடிய சிறு தெருக்களுக்கே, ஒழுங்கைகளுக்கே, தெருவிளக்கு. யாருக்கு என்பதை இனிக் கொம்பியூட்டர்தான் சொல்லும் என்றார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

காட்டோரத்தில் ஓர் ஒழுங்கை, ஐந்து குடும்பங்கள். கடைசி வீட்டு அக்கா விடியமுன் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொண்டுபோகிறவர். அந்த ஒழுங்கைக்குள் யானை வரும்.

"போன மாசமும் நிண்டது தம்பி. இருட்டில பாலை மரமாக்கும் எண்டு கிட்டப் போயிட்டன்," என்றார் அக்கா.

வீடு எங்கே என்றால் எல்லோரும் கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போனார்கள். தறப்பாள் கூடாரம், தகரக் கொட்டில், பிறகு வீட்டுத்திட்ட வீடு என்று வீடுகள் இடம் மாறியிருந்தன. கிணறு மாறவில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்தபோது பற்றை மூடிக்கிடந்த காணிகளைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். என் வீட்டாரும் அப்படித்தான். அதனால் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. அது ஐவருக்கும் பங்குக் கிணறு. கிணற்றுக்கட்டில் நின்றே ஐந்து புள்ளிகளையும் வைத்தேன்.

விளக்குப் பட்டியலில் அந்த ஒழுங்கை வரவில்லை. சபையில் வரைபடத்தைப் பார்க்கும் பெண்பிள்ளையிடம் கேட்டேன்.

"அங்க ஒரு வீடுதானே அண்ணை."

"அஞ்சு வீடு மிஸ்."

"ஒரே இடத்தில அஞ்சு தரம் பதிஞ்சிருக்கிறியள். பிழையா விழுந்ததெண்டு கொம்பியூட்டர் நாலை அழிச்சிட்டுது."

"அது கிணறு மிஸ்."

அவர் என்னையே பார்த்தார். "கிணத்துக்கு ஏன் அண்ணை லைற்?"

கொம்பியூட்டரில் பிழையில்லை. நான் நின்ற இடத்தைத்தான் அது சொன்னது. என் வேலை முந்தின நாளே முடிந்திருந்தது, அடுத்த வேலைக்கு முல்லைத்தீவுக்குப் போக உடுப்பும் கட்டிவிட்டேன். ஆனால் பட்டியல் வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது, யானைக்கு அது தெரியாது. திருப்பிக் கொடுத்த போனை இரந்து வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனேன். என் பிழை என்று அக்காவிடம் சொன்னேன்.

"அஞ்சு வீட்டிலயும் தேத்தண்ணி குடிச்சனீங்கள். பிறகு ஒரு வீடெண்டு போட்டிருக்கிறியள்."

இந்த முறை ஒவ்வொரு குசினி வாசலிலும் நின்று புள்ளி வைத்தேன். பட்டியலின் கடைசி வரியில் ஒழுங்கை ஏறியது.

சில மாதங்கள் கழித்து அந்த வழியால் போனேன். அக்காவின் வேலிப் படலைக்கு நேரே விளக்கு நின்றது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மங்கலாக எரிந்து, ஏதாவது அசைந்தால் பிரகாசமாகும் வகை. நடந்துபோகிறவர்களுக்கென்று செய்தது. வெளிச்சம் போதுமா என்று கேட்டேன்.

"மங்கலா எரிஞ்சா வெளிக்கிடுவன்," என்றார் அக்கா. "பளிச்செண்டு எரிஞ்சா யன்னலால பாப்பன். அசைஞ்சது மனிசர் இல்லையெண்டால், அண்டைக்குச் சந்தியில இடியப்பம் பிந்தித்தான்."