பதிவேட்டில் ஏறாத சங்கிலி

ஓய்வு பெறும்வரை நான் ஒரு கல்லூரியின் முதல்வர். எங்கள் ஊரான அரிமளத்தில் என் சொல்லை எவரும் சரிபார்த்ததில்லை. ஆளில்லாத குளக்கரைச் சாலையில் ஒருவன் என் மனைவியின் தாலிச் சங்கிலியை அறுத்துச் சென்றபோது, வீட்டு விஷயம் ஊர்ப்பேச்சாக வேண்டாமென்று நான் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் சங்கிலியை ஆசாரியிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவந்தேன்.

நான்கு மாதம் கழித்து, களவு போன்ற குற்றங்களுக்கு ஆளானவர்களைப் பற்றிய அரசுக் கணக்கெடுப்புக்காகப் பெண்மணி ஒருவர் வந்தார். வெயிலில் கறுத்த முகம், தேய்ந்த செருப்பு. கேள்வி கேட்டதும் டேப்லட்டை மடியில் கவிழ்த்துவிட்டு, நம் முகத்தைப் பார்க்காமல் பதிலுக்குக் காத்திருப்பது அவர் வழக்கம்.

"இந்த ஒரு வருஷத்துல ஏதும் களவு போச்சுங்களா ஐயா?"

"இல்ல. வேணும்னா ஸ்டேஷன்ல கேட்டுப் பாருங்க."

"அங்க எழுதாம விட்டதக் கேக்கத்தாங்க வீடு வீடா வாரேன். பேரு வெளிய போகாதுங்க."

மனைவி கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டாள். "நாலு மாசமா ஆசாரி அதையேவா ஊதிக்கிட்டு இருக்காரு? சொல்லுங்க."

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு மனைவியிடம் திரும்பினார்.

"அறுத்தப்ப ரொம்ப வலிச்சுச்சாம்மா?"

அதை நான் அன்றுவரை கேட்டதில்லை.

மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்மணி வற்புறுத்தியதால் போனேன் என்கிறார்கள் உறவினர்கள். அது தவறு. அவர் கேட்டார், காத்திருந்தார், அவ்வளவே.